ஆய்வின் வரம்புகள்

குதாயிசியில் சிறு கடைகள் ஏன் மூடுகின்றன?
நெஸ்தான் எழுதிய ஆய்வுக் கேள்வி
ஊரைவிடப் பெரிதாக இருந்தது.

ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிடச் சொன்னாள்.
பாலாடைக்கட்டி நிறுத்துக்கொண்டே ஜுஜுனா
எல்லாவற்றுக்கும் மூன்று போட்டாள்.
இருபத்தாறு கடை. எங்கு போனாலும் மூன்று.

படிவத்தை மடிக்கும்போதுதான்
தராசுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய
கடன் நோட்டு கண்ணில் பட்டது.

கேள்வியை வெட்டினாள். மறுபடி வெட்டினாள்:
ஓய்வூதியம் வரும் நாளில்
எத்தனை பெயர்களின் மேல் கோடு விழுகிறது?

முறையியல்: எண்ணுதல். அவ்வளவுதான்.

பதினான்காம் பக்கத்தில் அம்மாவின் பெயர்.
சர்க்கரை, மெழுகுவத்தி, மறுபடி சர்க்கரை,
மார்ச்சிலிருந்து
கோடு விழாமல்.

மாதிரியில் இதைச் சேர்ப்பதா?
பேனா மூடியைக் கடித்தபடி நிற்கிறாள்.
ஜுஜுனா யாருக்கோ சில்லறை எண்ணுகிறாள்,
ஏறிட்டுப் பார்க்காமல்.