உறைக்கு ஒரு வாளி

எல்லாக் கட்டடத்துக்கும் பனிமலைப் பெயர்.
ஐகர், எல்புரூஸ், மேட்டர்ஹார்ன்.
வைட்ஃபீல்டில் பனி விழுந்ததாக எவரும் சொன்னதில்லை.
மூன்று சிகரத்துக்கும் அடியில்,
கார்கள் முடிகிற இடத்தில்,
இரண்டாம் பேஸ்மென்ட்டில் எனக்கு வேலை.

ஏழு மணிக்கு வருவது ஷாம்பு.
ஒன்பதுக்கு மேல் பாத்திரம் கழுவிய நீர்.
தீபாவளிக்கு மறுநாள் எண்ணெய் ஏடு கையகலம்.
ஐந்நூறு வீட்டுக் குடலையும் அறிவேன்,
லிஃப்டில் என்னோடு யாரும் பேசியதில்லை.
பேசினாலும்தான் என்ன,
ப்ளோயர் பக்கத்தில் நின்று நின்று
இடது காது பாதிக்கு மேல் ஓய்ந்துவிட்டது.

தினமும் பதினோரு மணிக்கு
காற்றுத் தொட்டியில் ஒரு லிட்டர் மொண்டு
கண்ணாடிக் குழலில் வைப்பேன்.
அரை மணி. அதற்குள் ஒரு டீ.
பழுப்பு மெல்லக் கீழே உட்காரும்,
மேலே தெளியும்.
முந்நூறு கோட்டில் நின்றால் நல்ல நாள்.
நல்ல சேறு நாறாது, இதை யாரும் நம்புவதில்லை.
கிணறு வெட்டுகையில் ஆறாவது அடியில் வருகிற மணம் அதற்கு.

போன மாதம் ஒரு செவ்வாய்.
மேட்டர்ஹார்னில் புது வீடு புகுந்தவர்கள்
டைல்ஸ் கறைக்கு ஆசிட் ஊற்றினார்கள், கேன் கேனாக.
மறுநாள் குழலில் எதுவும் உட்காரவில்லை.
கலங்கல் கலங்கலாகவே நின்றது.
டீ ஆறிப்போனது.
எத்தனை கோடி உயிரோ, ஒரே ராத்திரியில்.
நினைத்து அழ ஒரு முகம்கூட இல்லை அவற்றுக்கு.

வெள்ளிக்குள் ஃபிளஷில் நாற்றம் ஏறிவிட்டது.
செயலர் ஹெப்பார் வந்தார், மூக்கில் கைக்குட்டை.
"ஒளகெ இளிது நோடம்மா" என்றார்.
உள்ளே இறங்கிப் பாரு.
இறங்க மாட்டேன் சார், என்றேன்.
எங்களுக்குத் தங்கவயல்.
இறங்கினவர் எத்தனை, ஏறினவர் எத்தனை என்று
தனித்தனியாய் எண்ணப் பழகின ஊர்.

அப்புறம் மதிலுக்கு அந்தப் பக்கம் போனேன்.
டஸ்கனி என்று பெயர் அந்த வளாகத்துக்கு.
அங்கே பேஸ்மென்ட்டில் நிரஞ்சன் பெஹரா, பாலசோர்க்காரன்.
அவன் இந்தி எனக்குப் பாதி,
என் இந்தி அவனுக்குக் கால்.
"தஹி ஜமானா ஹை" என்றேன், வேறு சொல் தெரியாமல்.
அவன் தொட்டியைக் காட்டினேன், என் வாளியைக் காட்டினேன்.
சிரித்தான்.
உறைமோர் கேட்டு வந்தவளை
எந்த ஊரிலும் வெறுங்கையாய் அனுப்புவதில்லை.

முதலில் அந்த ஒரு வாளி. பிறகு இரண்டு டேங்கர்.
ஐந்து கிலோ வெல்லம் கரைத்து ஊற்றினேன்.
பில்லைப் பார்த்துவிட்டு ஹெப்பார் கேட்டார், வெல்லம் எதற்கு?
வந்த புதுசு சார், பசிக்கும்.

எண்பது.
நூற்றுப்பத்து.
ஒருநாள் திரும்பவும் எழுபது, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.
பன்னிரண்டாம் நாள் இருநூற்று அறுபது.
குழலின் மேல்பாதி வழியே
எதிர்ச்சுவர்ப் பலகையை எழுத்தெழுத்தாய்ப் படிக்க முடிந்தது:
தனியாக இறங்காதே.
மூன்று மொழியிலும் படித்தேன்.

சாயங்காலம் மாரிக்குப்பம் ரயில்.
பங்காரப்பேட்டை வருமுன் ஓர் ஏரி நிறைந்து கிடந்தது,
பெங்களூர் குளித்துத் துவைத்து
குழாயில் அனுப்பிய தண்ணீர்.
என் தொட்டியினுடையது அல்ல,
அது தோட்டத்துக்கும் ஃபிளஷுக்குமே சரியாகிவிடும்.
இருந்தாலும் எட்டிப் பார்த்தேன், நுரை இருக்கிறதா என்று.
இருட்டு. கரையோரம் வெள்ளையாக ஏதோ நின்றது,
கொக்காக இருக்கலாம்.
நாளைக் காலை ரயிலில்
அந்தப் பக்கத்து ஜன்னல் கிடைக்க வேண்டும்.