நூற்று நாற்பத்தொரு சதவீதம்

ஒத்தக்கடையில், பதிவு ஆபீசுக்கு எதிரே
நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை.
பக்கம் இரண்டு ரூபாய்.
சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்:
தாளைப் பார், எழுத்தைப் பார்க்காதே.

பதினோரு வருடமாக நிற்கிறேன்.
எழுத்து தானாக வந்து கண்ணில் விழுகிறது,
மூடி திறந்தால் ஆவி அடிக்கிற மாதிரி.

இன்று மத்தியானம் இருளப்பன் வந்தார்,
லோடு ஆட்டோ ஓட்டுகிறவர்.
மகளுக்கு நர்சிங் கடைசி வருடம், மூன்று லட்சம்.
"ரெண்டு வட்டிதாம்மா" என்றார்,
ஆறு மாதம் பேங்குக்கு நடந்த களைப்பெல்லாம்
அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டதைப் போல.
பைனான்ஸ்காரர் காரைவிட்டு இறங்கவில்லை.
அவருடைய ஆள்தான் கட்டை நீட்டினான்:
"சட்டுனு போடுக்கா, டோக்கன் கூப்பிட்ருவாங்க."

பன்னிரண்டு பக்கம்,
பின் குத்திய மூன்று வெற்று செக்.
நரசிங்கத்து வீட்டின் நாலு எல்லையும் சரி.
வடக்கே யானைமலைப் பாதை,
கிழக்கே காசம்மாள் மனை.
ஐந்தாம் பக்கத்தில்
அடமானம் என்று இருக்கவேண்டிய இடத்தில்
கிரயம் என்று இருந்தது.
'இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும்
யாதொரு பாத்தியமும் இல்லை.'

"கட்டி முடிச்சதும் திருப்பி எழுதித் தருவாங்களாம்."
நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.
எழுதித் தருவோம் என்று
எங்கேயாவது எழுதியிருக்கிறதா அண்ணே?
அந்த ஆள் கல்லாவில் சாய்ந்து நிற்க
இது என் தொண்டையோடு நின்றது.

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு
இப்போது யாரோ நீலம் அடித்திருக்கிறார்கள்.

நூற்று நாற்பத்தொன்றில் வைத்தேன்.
பெரிதாகி வந்த தாளை மறுபடி கண்ணாடியில் வைத்து
மறுபடி நூற்று நாற்பத்தொன்று.
மை குறைவு என்று மெஷின் மஞ்சளாகச் சிமிட்டியது.
ஏழாவது தாளில் அந்த ஒரு சொல் மட்டும்,
கடைப் பலகை அளவுக்கு.

"மங்கலா விழுந்திருக்குண்ணே, பாருங்க."

பஸ் போர்டு படிக்கிற மாதிரி படித்தார்.
கி.
ர.
அப்புறம் உதடு அசையவில்லை.

"டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார் அந்த ஆளிடம்.
தாளை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.
செக் மூன்றையும் எண்ணி எடுத்துக்கொண்டார்.
லோடு ஆட்டோ இரண்டாவது உதையில் கிளம்பியது.
உள்ளே அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள்.

ஃபீஸ் இன்னும் மூன்று லட்சம்தான்.
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

ராத்திரி கணக்கில் முதலாளி கேட்டார்:
"பெரிய தாள் ஏழு குறையுதே?"
வீணாப்போன காப்பி என்றேன்.
என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
வட்டி இல்லாமல்.