இல்லி

பதினெட்டாம் மாத ஊசிக்குப் போனபோது
எத்தனை சொல் பேசுகிறாள் என்று கேட்டார் டாக்டர்.
நான் ஒன்பது என்றேன்.
சங்கரி பதினாறு என்றாள்.
அவர் பேனாவை மூடிவிட்டு
எங்கள் இருவரையும் பார்த்தார்.

வீட்டில் ஒரே பாஷையாக வைத்துக்கொள்ளுங்கள்,
குழந்தை குழம்பிப்போகும் என்றார்.
அதற்குள் எழினி அவர் மேசையிலிருந்த
ரப்பர் முத்திரையை எடுத்துத்
தன் முழங்காலில் குத்திக்கொண்டிருந்தாள்.

குகைக்குத் திரும்பும் டவுன் பஸ்ஸில்
கணக்குப் பார்த்தோம்.
'பா'வை நான் ஒன்றாக எண்ணியிருந்தேன்,
சங்கரி நான்காக.
பாலுக்கும் பா.
கட்டிலடியில் உருண்டுபோன பந்துக்கும் பா.
சேகோ மில்லிலிருந்து மாவு படிந்த சட்டையோடு
வாசலில் நிற்கும் எனக்கும் பா.
பூனையை நோக்கி விரல்களை மடக்கி மடக்கி
ஒரு பா, அது வா என்பது,
அது மட்டும் கன்னடம்.
பெங்களூர்க்காரர் கேட்டால் சிரிக்கிற கன்னடம்.
தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி
சங்கரி வீட்டில் வளர்ந்த கன்னடம்.

பஸ் என்ற சொல்லையும் நான் எண்ணியிருந்தேன்.
தட்டைத் தள்ளிவிட்டு அவள் பஸ் என்னும்போதெல்லாம்
தூக்கிப்போய் ஜன்னலில் நிறுத்தி
ஏற்காடு பஸ், ராசிபுரம் பஸ் எல்லாம் காட்டினேன்.
அழுதாள்.
கீழ்வீட்டு ஹாஜிரா சொல்லித்தான் தெரிந்தது,
அவர்கள் வீட்டில் பஸ் என்றால் போதும்.
பாவம், மூன்று நாளாகப்
போதும் போதும் என்றிருக்கிறாள்.

செருப்பு என்றால் என்னுடையதைக் கொண்டுவருவாள்.
சப்லி என்றால் சங்கரியுடையதை.
ஒரு நாள் நான் சப்லி என்று சொல்லிப் பார்த்தேன்.
என் பாதங்களைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு
சங்கரியின் செருப்பையே கொண்டுவந்து வைத்தாள்,
போட்டுக்கொள் என்பதுபோல்.

டாக்டர் சொன்ன பிறகு ஒரு வாரம்
சங்கரி கன்னடத்தை நிறுத்திவிட்டாள்.
'இங்கே வா எழினி, சோறு சாப்பிடலாம்':
தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுகிற தமிழ்.
குளிப்பாட்டும்போது பேச்சே இல்லை,
தண்ணீர்ச் சத்தம் மட்டும்.
எதிர்வீட்டுப் பையன் ஏ ஃபார் ஆப்பிள் என்கிறானாம்,
ராத்திரி இருட்டில் இதை என்னிடம் சொன்னாள்.
நான் தூங்கிவிட்டதாகப் படுத்திருந்தேன்.

எழினி என்றால் திரைச்சீலை என்று
பெயர் வைத்த அன்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.
அந்த ழ எங்கள் இரு வீட்டிலும் யாருக்கும் வரவில்லை.
அவளுக்கு அவள் ஈனி.

ஞாயிற்றுக்கிழமை ஈனி
ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.
கீழே இரண்டு பாதங்கள்,
ஒன்றின் மேல் ஒன்று ஏறியபடி.
எழினி எங்கே, என்றேன்.
திரை சொன்னது: இல்லி.

இல்லேன்னு சொல்றா பார், என்று நான் சிரித்தேன்.
ஒளிந்திருப்பவள் சொல்ல வேண்டிய சரியான பொய்.
சங்கரி சிரிக்கவில்லை.
அவள் வீட்டில் இல்லி என்றால் இங்கே.
வெங்காயம் நறுக்கிய கையோடு எழுந்து
எல்லி, எல்லி, எல்லி நன்ன கூசு என்று
ஒரு வாரத்துப் பேச்சையெல்லாம்
ஒரே மூச்சில் கொட்டிக்கொண்டு ஓடினாள்.
திரை குலுங்கியது.
இல்லி, இல்லி, இல்லி.

இங்கே என்றாளா, இல்லை என்றாளா,
எனக்கு இன்னும் தெரியாது.
நோட்டில் எதை எழுதுவது என்று கேட்டேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் மொட்டைமாடியில்
வாயில் துணி கிளிப்போடு நின்றவள்
அதைத் துப்பிவிட்டு வடக்கே விரல் நீட்டி
மயெ என்றாள்.
சேர்வராயன் கறுத்துக்கொண்டு வந்தது.
மலையைச் சொல்கிறாளா, மழையையா,
கன்னடத்து மளெயையா என்று
நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.
சங்கரி ஓடி ஓடித் துணி எடுத்தாள்.