பெரிய வாய்க்கால்

பெர்நதேத் பேரனுக்குப் பாரீசில் ஞானஸ்நானம்.
அது முடிந்ததும் கையில் மூன்று நாள் மீதி.
வெனிஸ் என்றேன்.
எதுவார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு
திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.
"கிராண்ட் கனால்" என்று வாசித்தார்.
"அதாவது, பெரிய வாய்க்கால்."

முப்பத்தோரு வருஷம்
புதுச்சேரிப் பெரிய வாய்க்காலில்
தூர் வாரிய கணக்கு எழுதியவர்.
லாரி எத்தனை நடை, சேறு எத்தனை கன மீட்டர்.
அந்தச் சட்டைகளைத் துவைத்தவள் நான்.

"கக்கூஸ் தண்ணி எங்க போவுது அங்க?"
வெனிசைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.
தேடிப் பார்த்துச் சொன்னேன்:
முக்கால்வாசி வாய்க்காலுக்குத்தான்,
கடல் ஏறி இறங்கையில் இழுத்துக்கொண்டு போய்விடுமாம்.
அதன் பிறகே அந்த ஊர்மேல்
அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

படுக்கை மெஸ்த்ரேயில். அறை பாதி விலை.
காலையில் ரயில் ஏறினால் பத்து நிமிஷம்,
பாலம், இரண்டு பக்கமும் தண்ணீர், ஊர்.
படகு டிக்கெட் தலைக்கு ஒன்பதரை யூரோ.
ரூபாயில் பெருக்கிப் பார்த்துப்
பேனாவை மூடினார்.
"நடப்போம்."

கறுப்புப் படகு, நிமிர்ந்த மூக்கு,
கோடு போட்ட பனியன்காரன்.
அதற்கு என்ன வாங்குகிறான் என்று
நான் அவருக்குச் சொல்லவில்லை.
செல்வநாயகியிடம் கட்டிய சீட்டு
செப்டம்பரில் முடிகிறது என்பதையும்.

பெர்நதேத் போனில் எச்சரித்தாள்.
புறாவுக்குத் தீனி போடாதே, அபராதம்.
பாலத்துப் படியில் உட்கார்ந்து சாப்பிடாதே,
அதற்கும் அபராதம்.
எலுமிச்சை சாதம் பற்றி
நான் வாயே திறக்கவில்லை.

"இன்னொண்ணுக்கா, நவம்பர்ல அங்க தண்ணி ஏறும்.
சங்கு ஊதுவாங்க. சதுக்கத்துல பலகை போட்டு
அதுமேல வரிசையா நடக்க விடுவாங்க.
கணுக்கால் வரைக்கும். சில வருஷம் முழங்கால்."

நான் எதுவாரைப் பார்த்தேன்.
எதுவார் சுவரைப் பார்த்தார்.

ரெயின்போ நகரில் எங்கள் கூடத்துச் சுவரில்
பென்சில் கோடுகள் இருக்கின்றன.
வளர்கிற பிள்ளையை நிற்கவைத்துக் குறிப்பதுபோல,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருஷம்.
எங்களுக்குப் பிள்ளை இல்லை.
மேல் கோடு பிளக் பாயிண்டைத் தாண்டிவிட்டது.

நவம்பரில் வீட்டை விட்டுப் போனால்
ஃபிரிட்ஜை யார் செங்கல்மேல் ஏற்றுவது?
கட்டிலுக்கடியில் இருக்கும் கல்யாண ஆல்பத்தை?
இரண்டு நாள் இதே பேச்சு.
கடைசியில் எதிர்வீட்டு அமிர்தகணேசன்
சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.
"நீங்க போயி அவங்க தண்ணியப் பாருங்க.
உங்க தண்ணிய நான் பாத்துக்கிறேன்."

முதல் நாள் பேராலயம், மணிக்கூண்டு.
இரண்டாம் நாள் கண்ணாடி ஊதுகிற தீவு.
மூன்றாம் நாளுக்கு என்ன என்று கேட்டேன்.

எதுவார் ஒரு படத்தை விரலால் விரித்துக்கொண்டிருந்தார்.
மாளிகை போய், பால்கனி போய், விளக்கு போய்,
ஒரு வாசலின் அடிப்பாகம் திரை முழுக்க நின்றது.
முழங்கால் உயரத் தகடு,
நிலையில் வெட்டிய பள்ளத்தில் செருகியிருந்தது.
"நம்ம கதவுக்கு நான் செஞ்சேன்ல, அதேதான்.
ஓரத்துக்கு என்ன ரப்பர் போடுறான்னு பாக்கணும்.
நம்மளது கசியுது."

ஆக, மூன்றாம் நாள்:
சந்து சந்தாகப் போய் வாசல் பார்ப்பது.

இரவு பட்டியலை எடுத்துப் படித்தேன்.
பாஸ்போர்ட், சர்க்கரை மாத்திரை,
குழந்தைக்குத் தங்கச் சிலுவை
வரைக்கும் என் எழுத்து.
கீழே அவருடையது:
அளவு டேப்.
ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி
(அங்கே வாங்க வேண்டாம், நம்முடையதே).

விடியற்காலை ஒரு மழை அடித்து ஓய்ந்தது.
பூட்ஸ்கள் வெளியில் நனைந்திருந்தன.
கவிழ்த்தேன். ஒன்றிலிருந்து ஒரு தவளை
சாவகாசமாக இறங்கிப் போனது.
துடைத்துப் பெட்டியில் வைக்கலாமா என்று யோசித்து
அங்கேயே விட்டேன்.
கிளம்ப இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.