முழுப்பேர்

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால்
கூப்பிடுகிற பேர் இல்லை.
பதினெட்டுக் கிலோ பறித்தால் ஒரு பேர்.
பதினேழரைக்கு அரைப்பேர்தான்.
அதுவும் ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று என்று
தராசுக்காரன் கழித்த பிறகு.
இருபத்தாறு வருசம் அந்தக் கழிவையே பார்த்த கண் இது.
பிரதேச சபைப் பலகையை மட்டும்
பார்க்காமல் தாண்டிவிடுமா?

மழையில் பாதி உரிந்த பலகை.
மேற்பிரிவுப் படிக்கட்டு, கைப்பிடிக் குழாயுடன்.
ஒன்பது இலட்சத்து நாற்பதாயிரம்.
பணி முடிந்தது.

கூடையோடு எண்ணிக்கொண்டு ஏறினேன்.
அறுபத்து நாலு.
அதற்கு மேல் செம்மண், சவுக்கு வேர்,
வழுக்காமலிருக்க யாரோ விரித்த உரச் சாக்கு.
போன ஐப்பசியில்
வலி கண்ட தேவகியைக் கம்பளியில் போட்டுத் தூக்கிவந்த
நாலு பேரில் இருவர் விழுந்தது
அந்தச் சாக்கில்தான்.

ஒரு பேரை இழந்து பஸ் ஏறினேன்.
சபையில் மேசைக்குப் பின்னால் நிலூஷா மிஸ்.
அவருக்குத் தமிழ் தடுக்கும்,
எனக்குச் சிங்களம் தடுக்கும்.
தடுக்கித் தடுக்கி
தகவல் கேட்கும் படிவத்துக்கு வந்து சேர்ந்தோம்.
எதற்குக் கேட்கிறாய் என்று ஒரு கட்டம் இருக்குமே,
இரண்டு தரம் தேடினேன், இல்லை.
காரணம் சொல்லத் தேவையில்லையாம்.
லீவு கேட்டால் காரணம், தண்ணீர் கேட்டால் காரணம்,
கக்கூசுக்குப் போனால்கூட கங்காணிக்குக் காரணம்
சொல்லிப் பழகிய வாய்
கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது.

பதினாலு வேலைநாள் என்றார்கள்.
பத்தொன்பதாம் நாள் வந்தது தடித்த உறை.
அத்தனையும் சிங்களம்.
குருநாகலில் ஒரு வீட்டில் பதினொரு வருசம்
சட்டி கழுவிக் கற்ற சிங்களத்தில் ஜெசிந்தா வாசித்தாள்.
"அடுப்படிச் சிங்களம் வேற, ஆபீஸ் சிங்களம் வேற அக்கா,
இரு, மெதுவா."

படி நூற்றுப் பன்னிரண்டு.
சீமெந்து நூற்று நாற்பது மூட்டை.
குழாய் முப்பத்தெட்டு மீற்றர்.
கடைசித் தாள், மக்கள் மேற்பார்வைக் குழு:
மார்ச் பதினொன்று, காலை பத்து மணி,
நேரில் பார்த்தோம், திருப்தி.
ஏழு கையெழுத்து.
மூன்றாவது ஆண்டியப்பன் கங்காணி.
செத்து இரண்டு வருசம்.
அவருக்கும் திருப்தி.
நாங்கள் சிரித்தோம்.
ஆறாவதில் ஜெசிந்தாவின் விரல் நின்றது.
சிரிப்பும் நின்றது.

மு. பவளராணி.

நான் போடுவதைவிட அழகான கையெழுத்து.
என் ளகரம் இப்படிச் சுழியாது.
என்னைவிட நிதானமாக, நல்ல பேனாவில்,
யாரோ நானாக இருந்திருக்கிறார்கள்.

அன்றிரவு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன்.
சண்டை போட்ட நாட்களின் நிறைத்துண்டுகளை மட்டும்
நான் எறிவதில்லை.
இருந்தது.
மார்ச் பதினொன்று. ஏழாம் நம்பர் மலை.
காலை நிறுவை பத்து மணி. ஆறு கிலோ. கழிவு ஒன்று.
அந்த ஒரு கிலோவுக்காகத் தராசுக்காரனோடு
தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்,
படிக்கட்டைப் பார்த்துத் திருப்தி அடைந்த அதே நேரம்.
என்னிடம் திருடியவன் கையெழுத்து
எனக்குச் சாட்சி.

மறுபடி ஒரு பேரை இழந்து பஸ் ஏறினேன்.
இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
நிலூஷா மிஸ் நெடுநேரம் பார்த்தார்.
கதவைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் இழுப்பறை திறந்து
இன்னொரு படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

பணம் கொடுத்த வவுச்சர், கொடுக்கச் சொன்ன கையெழுத்து,
கணக்காய்வுக் குறிப்பு, எல்லாவற்றின் பிரதியும் என்று
கேட்க வேண்டியதை ஜெசிந்தா எழுதித் தந்திருந்தாள்.
மேலே ஒரு கட்டம் மட்டும் நானே எழுதவேண்டியது.
விண்ணப்பதாரரின் முழுப்பெயர்.
முத்துக்கருப்பன் பவளராணி.
ளகரத்தை என் ளகரமாகவே போட்டேன்,
கோணலாக.

கடைசி பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம்.
மழை தொடங்கியிருந்தது.
இறங்கினால் அறுபத்து நாலு படி,
பிறகு சேறு.