கம்ப்ரஸர்

ஏழு மணிக்குத் தொடங்குவாள்.
கோயில் மணிச் சத்தம்தான் என்று முதலில் சொன்னோம்,
பிறகு சுகிர்தா தின்ற கடலை என்றோம்,
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

முழங்கால் இரண்டும் வயிற்றுக்கு ஏறும்,
முகம் செத்தல் மிளகாய் நிறத்துக்கு வரும்.
நாலு கிலோவுக்கு இன்னும் நூறு கிராம் குறைவு.
அதற்குள் எங்கேயிருந்து இவ்வளவு?

கிளினிக் மிஸ் கொப்பியில் எழுதினா:
நிறை சரி, காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறா.
"வாய்வுக் குத்து, தம்பி. மூண்டு மாசத்தில தானா விடும்."
அடுத்த பஸ் தரிப்பைச் சொல்வதுபோலச் சொன்னா.

கதவிலிருந்து அடுப்படிக்குப் பதினொரு அடி.
தோளில் போட்டு சுகிர்தா நடந்தாள், திரும்பினாள், நடந்தாள்.
நான் காலைப் பிடித்து சைக்கிள் மிதிக்க வைத்தேன்.
ஒருமுறை ஏப்பம் வந்தது.
லொத்தர் விழுந்தவர்கள்போல் இருவரும் பார்த்துக்கொண்டோம்.
அதன் பிறகு இன்னும் உரக்க.

நாற்பத்தோராம் இரவு
பிள்ளையைத் தொட்டிலில் வளர்த்திவிட்டு
அவள் கிணற்றடிக்குப் போனாள்,
வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள்.
"கொஞ்ச நேரம் விடுங்கோ. இல்லாட்டி ஏதும் செய்துபோடுவன்."
நான் பயந்தது அவளுக்கு அல்ல.
அதே சொல் என் வாய்க்குள்ளும் இருந்தது.

முன்கையில் குப்புறக் கிடத்தி,
கன்னம் முழங்கை மடிப்பில்,
வயிறு என் உள்ளங்கைச் சூட்டில்,
திருக்கடலூர் ஒழுங்கையால் இறங்கினேன்.
ஒரு வீட்டில் லைற் எரிந்தது, அணைந்தது.
குப்பைத்தொட்டியடியில் இரண்டு மான்
வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றன.
ஆரபி வீரிட்டாள்.
ஒன்று தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி தோலுக்குக் குனிந்தது.
வழக்கு அந்தளவில் தள்ளுபடி.

ஐஸ் ஆலை வாசலில்
கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.
அந்த இரைச்சல் காதால் வருவதில்லை,
செருப்பால் ஏறி எலும்பால் வரும்.
நின்றேன்.
என் கைக்குள் அவள் வயிறு கல்லாக இருந்தது.
பிறகு
கல்லாக இல்லை.

கட்டி உடைக்கிற நவ்ஷாத்
ஓங்கிய சம்மட்டியைப் பாதியில் பிடித்தார்.
உடையுங்கோ என்று வாயசைத்தேன்.
உடைத்தார். அவள் கண் செருகியது.
படகுக்காரர் பெட்டிகளோடு காத்து நின்றார்கள்.
ஒருவரும் கதைக்கவில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது.

கடல் கேட்டது. ஐஸ் உருகுவது கேட்டது.
அவள் உதடு ஒரு பக்கம் கோணியது,
எனக்குத் தெரியும் அந்தக் கோணல்,
அதற்குப் பிறகு வருவதும் தெரியும்.

இருட்டுக்குள் ஒருவர் "ம்ம்ம்ம்" என்றார்.
நவ்ஷாத்தான். ஆலையின் அதே சுருதி,
இடையில் அது இருமுகிற இருமல்கூட.
பக்கத்தில் இன்னொருவர் சேர்ந்தார்,
பெட்டியை இறக்கிவைத்துவிட்டு இன்னொருவர்,
பீடிக் குரலில் ஒரு கிழட்டு ம்ம்ம்.
எட்டு ஆம்பிளைகள்
ஒரு கம்ப்ரஸராக நின்றோம்.
கரண்ட் வந்தபிறகும்
சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம்.

வீட்டில் சுகிர்தா
பாயில் குறுக்காகக் கிடந்து குறட்டை விட்டாள்.
ஆரபியைத் தொட்டிலில் மல்லாக்காக வளர்த்தி
மெல்லக் கையை உருவினேன்.
மணி இரண்டரை.
ஏழுக்கு இன்னும் பதினாறரை மணித்தியாலம்.
தொண்டை எரிந்தது.
நான் இன்னும் முனகிக்கொண்டுதான் இருந்தேன்.