ஒன்பதுக்குக் கீழே

அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிதான் எங்கள் காற்றுக்கொடி.
புகை மேற்கே சாய்ந்தால் கடல்காற்று வந்தாச்சு.
அத்திப்பட்டு உப்பளத்துக்குப் பின்னால்
சாம்பல் இறுகிக் கிடக்கும் வெளியில்
ரப்பர் கயிற்றின் முளையை அடிக்கலாம்.

கோலா என்று பெயர் வைத்திருக்கிறேன்.
இரண்டு மீட்டர் றெக்கை, நீல ஃபோம்,
மோட்டார் கிடையாது.
ஏறியது இறங்கித்தான் ஆக வேண்டும்,
தப்பினால் இன்னொரு சுற்று என்ற பேச்சே இல்லை.

மூன்று முறை உடைத்தேன்.
மூன்றும் ஒரே திருப்பத்தில்:
காற்றை முதுகில் வாங்கி மேற்கே போய்
கடலைப் பார்க்கத் திரும்பும் அந்த வளைவு.
உப்புப் பாத்திகளின் மேல் நிழல் சரேலென்று ஓடும்.
ஐயோ, என்ன வேகம் என்று கண் பதறும்.
விரல் தானாகக் குச்சியைப் பின்னால் இழுக்கும்.
மூக்கு நிமிரும்.
பிறகு ஒரு சத்தமும் போடாமல்
இடது றெக்கை மட்டும் கீழே சாயும்,
தூங்கிப்போன ஆளின் தலை மாதிரி.

கண் போட்டது மண்ணின் கணக்கு.
றெக்கைக்கு மண்ணோடு என்ன கொடுக்கல் வாங்கல்?

தண்டையார்பேட்டையில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் ஜாய்ஸ்
உடைந்த மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"பாத்து ஓட்டாதீங்கண்ணா. கேட்டு ஓட்டுங்க."
ரீஃபில் தடிமனில் ஒரு பித்தளைக் குழாய்,
றெக்கையின் முன்விளிம்பில், காற்றுக்கு வாய் திறந்து.
உள்ளே நகமளவு சென்சார்.
வேகம் கூடினால் சுருதி ஏறும்,
குறைந்தால் இறங்கும்,
நொடிக்கு ஒன்பது மீட்டருக்குக் கீழே போனால்
விக்கும்.

முதல் நாள் இயர்போனில் ஒன்றுமே இல்லை.
ஒயர் விட்டுப்போச்சு என்றேன்.
வாங்கித் தன் காதில் வைத்தவள்
உடனே பிடுங்கி எடுத்தாள்.
"கத்துதேண்ணா!"

வண்டிப் பெட்டியில் மடித்துக் கிடந்த ஈ.எஸ்.ஐ. தாளை
அன்றுதான் ஒருவருக்குக் காட்டினேன்.
ஃபவுண்டரியில் பத்தொன்பது வருஷம் கிரைண்டர்.
கொஞ்ச தூரம் சமமாக வரும் கோடு
இரண்டாயிரத்தில் தடுக்கி
மூவாயிரத்தில் விழுந்து
எழுந்திருக்கவே இல்லை.
பாவம் என்று சொல்வாள் என நினைத்தேன்.
சர்க்யூட் படத்தைப் போல விரல் வைத்து வாசித்து
"இவ்ளோ இடம் மிச்சம் இருக்கே" என்றாள்.

மிச்சம் இருப்பவை:
லாரியின் உறுமல், துறைமுகத்தில் கப்பல் சங்கு,
பக்கத்து வீட்டு யேசுதாசனின் குறட்டை.
முந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவே
கோலாவுக்கு அவள் ஒரு தொண்டை செய்தாள்.

ஞாயிறு, ஐந்தரை மணி.
மேற்கே போன கோலா வெயிலுக்குள் கறுத்துக் கரைந்தது.
எந்தப் பக்கம் மூக்கு, எது வால், தெரியவில்லை.
காதில் மட்டும் ஒரு தடித்த ஊங்காரம்.
திருப்பினேன்.
நிழல் பாய்ந்தது, கண் பதறியது,
விரல் பழைய புத்திக்கு அசைந்தது,
ஊங்காரம் இறங்கியது,
இன்னும் இறங்கி
ஊ… ஊ… ஊ… என்று விக்கியது.
கேட்பது அரை நொடி பழைய காற்று,
அதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

தரை நெருங்கும்போது மூக்கைத் தரைக்கே அழுத்து.
உடம்பில் ஒரு எலும்பும் ஒத்துக்கொள்ளாத வேலை.
அழுத்தினேன்.
விக்கல் நின்று சுருதி எழுந்தது.
வளைவு முடிந்தது. கடல்காற்று நேர் முகத்தில்.
காதைத் தவிர வேறு எதையும் நம்பாமல்
இடுப்புயரம், முழங்கால், கணுக்கால்,
தொட்டது.
சாம்பல் மெல்லப் பறந்தது.

அப்போது ஜாய்ஸ் பின்னாலிருந்து ஏதோ கூவினாள்.
நான் இழந்த உயரத்தில் அவள் குரல்.
சபாஷ் என்றிருப்பாள் என்று தலையாட்டினேன்.

எதிரே தண்ணி என்று சொன்னாளாம்.

சறுக்கிக்கொண்டே போன கோலா
உப்புக் குட்டையில் மூக்கை நுழைத்து நின்றது.
ஒரு கீறல் இல்லை.
குழாயில் புகுந்த உப்புநீரை
அவள்தான் வாய் வைத்து ஊதினாள்.
அந்த மூச்சுக்கு
என் காதில்
பதினான்கு மீட்டர் வேகம்.